அலீ நதீமும் நம் சிரிப்பும்

பிறந்த வீட்டில் மதிப்பிழந்த பிள்ளை, சென்ற ஊர்களில் செல்லப்பிள்ளையாய் விளங்குவதுண்டு. பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர்களுள் அத்தகைய பேறு பெற்றது 'மைண்ட் யுவர் லேங்குவேஜ்'. 1977ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் இதன் முதற்பகுதி ஒளிபரப்பாயிற்று. 1979 டிசம்பருக்குள் மூன்று சுற்றுகளாக 29 பகுதிகள் வெளிவந்தன. எழுதியவர் வின்ஸ் பவல். தயாரித்தது லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷன் என்னும் வணிக நிறுவனம். பார்ப்போர்க்குக் குறைவில்லாத காலத்திலேயே அது நிறுத்தப்பட்டது. அந்நிறுவனத்தின் கேளிக்கை நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பு வகித்த மைக்கேல் கிரேடு, பிற இனத்தாரை இழிவுபடுத்துகிறது என்று கருதியே அதனை நிறுத்தினார். இன்றும் அந்நாட்டில் இத்தொடரைப் பற்றிப் பேசுவோர் சற்றுத் தலைகுனிந்தே பேசுகின்றனர்.

ஆனால் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இலங்கையிலும், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும், ஆப்பிரிக்காவின் நைஜீரியாவிலும் கென்யாவிலும் அது கொண்டாடப்பட்டது. 1986இல் இத்தொடருக்கு உயிர் கொடுத்து 13 புதிய பகுதிகள் எடுத்தார்கள். அவ்வாறு எடுக்கத் தூண்டியதே வெளிநாட்டு விற்பனைதான். பிரிட்டனின் வணிகத் தொலைக்காட்சி அன்று வட்டாரந்தோறும் தனித்தனி நிறுவனங்களாக இயங்கிற்று. அவற்றுள் பல அப்புதிய பகுதிகளை ஒளிபரப்பவே இல்லை. ஆங்கிலேயரைப் பற்றி அல்லாமல் அயலாரைப் பற்றி எடுத்த படம், ஆங்கிலேயருக்காக அல்லாமல் அயலாருக்காகவே எடுக்கப்படும் நிலை வந்தது. எவரை எள்ளியதற்காக அத்தொடர் நிறுத்தப்பட்டதோ, அவர்களே அதனை மீண்டும் கேட்டு வாங்கினார்கள். இது எப்படி நேர்ந்தது என்பதே நாம் இங்கே ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

தொடரைப் பாராத வாசகர்க்குச் சுருக்கமாகச் சொல்வோம். லண்டனில் வயது வந்தோர் படிக்கும் ஒரு மாலைநேரக் கல்விக்கூடம். வெளிநாடுகளிலிருந்து வந்து பிழைப்போருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பொன்று அங்கே நடக்கிறது. முன்பிருந்த ஆசிரியர் அவ்வகுப்பைத் தாங்க மாட்டாமல் புத்தி கலங்கிப் போனார் என்ற செய்தியோடு, ஆக்ஸ்போர்டில் படித்த ஜெரமி பிரவுன் என்னும் இளைஞர் பொறுப்பேற்கிறார். தலைமை ஆசிரியை கோர்ட்னி அம்மையாருக்கு ஆண் ஆசிரியர் என்றாலே பிடிப்பதில்லை. மாணவர்களுள் பிரெஞ்சுப் பெண்ணும் ஜெர்மன் பெண்ணும் உளர். இத்தாலியச் சமையற்காரர், கிரேக்கர், ஸ்பெயின் நாட்டு மதுக்கடைப் பணியாளர், ஜப்பானியர், மாவோவின் சிவப்புப் புத்தகத்தைக் கையிலிருந்து இறக்காத சீனத் தூதரகப் பெண் ஆகியோரும் உளர். நம் துணைக்கண்டத்தின் பங்குக்கு மூவர்: லாகூர் அலீ நதீம், பஞ்சாபிச் சீக்கியர் ரஞ்சித் சிங், எப்போதும் கம்பளி பின்னிக்கொண்டிருக்கும் ஜமீலா. கதை என்று தனியே ஒன்றும் கிடையாது. ஆசிரியர் ஒரு சொல் சொல்வார், மாணவர் வேறொரு பொருள் கொள்வார், பார்ப்போர் சிரிப்பர். மன்னிப்புக் கேட்கும் 'எக்ஸ்க்யூஸ் மீ' என்னும் சொற்றொடர் அலீயின் வாயில் 'என்னைப் பிழியுங்கள்' என்னும் பொருள்பட 'ஸ்க்வீஸ் மீ' என்றாகிவிடும். இவ்வளவுதான் சரக்கு. இதைக் கொண்டு 29 வாரம் ஓட்டியிருக்கிறார்கள் என்றால், எழுதியவரின் தொழில்திறனை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இத்தொடர் நம் ஊர்ப்பக்கம் வந்த வழியையும் சொல்லிவிடுவோம். 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபின், நம் தென்கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு உயர்ந்த கம்பம் நட்டு, பூஸ்டர் பூட்டி, கொழும்பு நிகழ்ச்சிகளைப் பிடித்துப் பார்த்த காலம் அது. கொடைக்கானல் நிலையம் வரும்வரை தென்கோடியிலுள்ள நமக்குச் சென்னைத் தொலைக்காட்சி எட்டாக்கனி. அதே பெட்டிகளில்தான் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் விடுமுறைக்கு வந்த காக்காமார் கொண்டுவந்த வீடியோ கேசட்டுகளும் ஓடின. சென்ட்டு, டார்ச்சு விளக்கு, கைலி, அவற்றோடு இரண்டு மூன்று கேசட்டுகள். அவற்றுள் ஒன்றில் அலீ நதீம் வந்து இறங்கினார். நாம் அப்போது மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த பருவம். கூடத்தில் பெரியவர்கள் ஒருபுறம், கதவுக்குப் பின்னால் பெண்கள் ஒருபுறம், நடுவில் சிறுவர்கள் என்று இருந்து பார்த்தோம். பாதி ஆங்கிலம் விளங்காது; ஆயினும் அலீ வாயைத் திறந்தால் எல்லாரும் சிரித்தோம். இன்று இணையத்தின் வழியே யாரும் எங்கும் அதனைப் பார்க்க முடிகிறது. பி.பி.சி. தன் இணைய ஒளிபரப்பைத் தன் நாட்டு எல்லைக்குள் பூட்டிவைத்திருக்கும் இக்காலத்திலும், விலைக்கு விற்ற வணிக நிறுவனத்தாரின் இப்பழஞ்சரக்கு மட்டும் தங்குதடையின்றி உலகைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நகைச்சுவை எங்கே பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்காகப் பகுத்துரைத்தார். பிறரை எள்ளுதல் ஒன்று. பிள்ளைத்தன்மையாகிய இளமை ஒன்று. அறியாமையாகிய பேதைமை ஒன்று. சொன்னதை அப்படியே கொள்ளும் மடன் என்பது மற்றொன்று. அலீ நதீமை இந்நான்கில் எதில் வைப்பது? சொற்றொடரை நேர்ப்பொருளில் கொண்டு திகைக்கும்போது அது மடன். சிறுபிள்ளைபோல் கைகொட்டி மகிழும்போது இளமை. இவ்விரண்டிலும் தீங்கில்லை. ஆனால் லாகூரிலிருந்து வந்தவன் என்றாலே இப்படித்தான் இருப்பான் என்று காட்டும்போது அது எள்ளலாகிவிடுகிறது. ஒரே நடிகர், ஒரே காட்சி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அது எப்போது நழுவியது என்று கண்டுபிடிப்பதுதான் கடினம்.

எள்ளல் என்பதற்குப் பேராசிரியர் தம் உரையில் ஒரு நுட்பம் சொல்கிறார். ஒருவன் பிறரை எள்ளிச் சிரிப்பதும் உண்டு. பிறரால் எள்ளப்பட்ட இடத்துத் தானே சிரிப்பதும் உண்டு. இரண்டையும் ஒரே பெயரால் அவர் குறிக்கிறார். இத்தொடரைக் கடல் கடந்த நாடுகளில் இருந்து பார்த்தவர்கள் சிரித்தது இவ்விரண்டனுள் எச்சிரிப்பு என்று கேட்டால், இரண்டாவது என்றே பலரும் விடை சொல்வர். "நம்மைப் பார்த்து நாமே சிரிக்கிறோம், நமக்குப் பெருந்தன்மை இருக்கிறது, ஆங்கிலேயருக்குத்தான் வீண் கூச்சம்" என்று ஒரு நண்பர் நம்மிடம் வாதிட்டார். நாம் அதனை ஏற்கவில்லை. ஏன் என்பதைச் சொல்வோம்.

தொடரில் வசனத்துக்கு வசனம் ஒரு சிரிப்பொலி கேட்கிறது. அது நம் கூடத்தில் எழுந்த சிரிப்பன்று; லண்டனில் படப்பிடிப்பு அரங்கில் அமர்ந்திருந்த ஆங்கிலேயரின் சிரிப்பு. எங்கே சிரிக்க வேண்டும், எவ்வளவு சிரிக்க வேண்டும் என்பதை அவர்கள் முன்கூட்டியே முடிவு செய்து வைத்துவிட்டார்கள். மொழி பாதி விளங்காத நாம், அவர்கள் சிரித்த இடம் பார்த்துச் சிரித்தோம். பின்பாட்டுக்காரனுக்குச் சொந்த ராகம் ஏது? அவர்கள் சிரிப்பைத்தான் நாம் நம் சிரிப்பென்று எண்ணிக்கொண்டோம்.

இனி, பிரிட்டனுக்கு உள்ளே இருந்து அதே காட்சியைப் பார்த்தவரின் நிலையைக் கேளுங்கள். நம் உறவினர் ஒருவர், வயதில் மூத்தவர், எழுபதுகளில் இங்கிலாந்தின் வடபகுதியிலே ஓர் ஆலையில் இரவு வேலை பார்த்தவர். அவர் ஊருக்கு வந்திருந்தபோது, கூடத்தில் எல்லாரும் அலீ நதீமைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். பிறகு நாம் கேட்டபோது, "தம்பி, இது வெள்ளிக்கிழமை ராத்திரி டி.வி.யில் வரும். அடுத்த வேலை நாளில் ஆலைக்குப் போனால், என் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட மாட்டான். தலையை ஆட்டிக்கொண்டு, அலீ பேசுகிற மாதிரியே பேசிக் கூப்பிடுவான். நான் சிரித்துக்கொண்டேதான் வேலை செய்வேன். சிரிக்காவிட்டால் சண்டை" என்றார். எள்ளப்பட்டவன் தானும் சிரிப்பது என்று பேராசிரியர் சொன்னது இதுதான் போலும். அச்சிரிப்பு அவருக்குப் பெருந்தன்மையால் வந்ததன்று.

அக்காலம் எத்தகையது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அயலாரை நாட்டைவிட்டு அனுப்ப வேண்டும் என்று முழங்கிய 'நேஷனல் ஃப்ரண்ட்' என்னும் கட்சி தெருக்களில் ஊர்வலம் போன காலம். தொடரின் முதற்சுற்று ஓடி முடிந்த சில வாரங்களுக்குள், 1978 மே 4ஆம் நாள், கிழக்கு லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதியில், வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அல்தாப் அலீ என்னும் வங்காளத் தையல் தொழிலாளி இனவெறியரால் கொல்லப்பட்டார். அவரது சவப்பெட்டியின் பின்னே ஆயிரக்கணக்கானோர் பிரதமர் இல்லம் வரை நடந்து சென்றனர். 1998இல் அவ்விடத்துப் பூங்காவுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. தொடருக்கும் இக்கொலைக்கும் தொடர்புண்டு என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அநீதி. ஆனால் அலீ என்னும் பெயரைக் கேட்டவுடன் ஒரு நாட்டு மக்களின் நினைவில் என்ன உருவம் எழ வேண்டும் என்பதை, அப்பெயருடையோர் தெருவில் அஞ்சி நடந்த அதே மாதங்களில், ஒரு கேளிக்கை நிகழ்ச்சி வாராவாரம் வரைந்துகொண்டிருந்தது. இதனைக் கொழும்பிலோ கோலாலம்பூரிலோ காயல்பட்டினத்திலோ இருந்து பார்த்தவர் அறிய வழியில்லை. நம் தெருவில் நமக்கு அச்சம் இல்லை. அதனால்தான் நம்மால் அவ்வளவு தாராளமாகச் சிரிக்க முடிந்தது.

"எல்லா நாட்டாரையும் ஒரே அளவில்தானே கிண்டல் செய்கிறார்கள், பிரெஞ்சுக்காரியையும் ஜெர்மானியப் பெண்ணையும் விட்டார்களா?" என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆனால் எய்த அம்பின் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதனால் காயமும் ஒன்றாகிவிடாது. பிரெஞ்சுப் பெண் அழகி என்று கேலி செய்யப்படுகிறாள். ஜெர்மன் பெண் உழைப்பாளி, விறைப்பானவள் என்று கேலி செய்யப்படுகிறாள். கேலியிலும் ஒரு மதிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அலீக்கும் ரஞ்சித் சிங்குக்கும் என்ன கிடைத்தது? ஓயாத சமயச் சண்டை. 1947இல் பஞ்சாபில் ஓடிய இரத்தம், முப்பதாண்டு கழித்து, அதனைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனவர்களின் தலைநகரில் வகுப்பறை வேடிக்கையாக்கப்பட்டது. இதனைப் பார்த்து லண்டன் அரங்கம் சிரிக்கிறது. நடுவில் நின்று இருவரையும் விலக்கி அமரச் செய்பவர் பிரவுன் துரை! இந்தப் பாத்திரப் பங்கீட்டில் உள்ள வரலாற்றுப் பொய்யை எவரும் சுட்டிக் காட்டியதாக நாம் பார்க்கவில்லை. இருப்பினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பிற்பகுதிகளில் இவ்விருவரும் நண்பர்களாகிவிடுகின்றனர். அவ்விடங்களில் நடிப்பும் உயர்ந்துவிடுகிறது.

நடிகர்களைப் பற்றிச் சொல்லாமல் செல்வது முறையன்று. அலீயாக நடித்த தினோ ஷஃபீக் டாக்காவில் பிறந்தவர். வங்காளத்தவரான அவர் லாகூர்க்காரராக நடித்தார். பி.பி.சி. 1974 முதல் 1981 வரை ஒளிபரப்பிய 'இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்' தொடரில் படைமுகாமின் தேநீர்க்காரராக வந்தவரும் இவரே. 1984இல் காலமானார், எனவே 1986ஆம் ஆண்டுப் பகுதிகளில் அலீ இல்லை. சீக்கியராக வந்த ஆல்பர்ட் மோசஸ் சீக்கியரும் அல்லர், பஞ்சாபியும் அல்லர். அவர் பிறந்தது இலங்கையில், நம்மவர் பலர் கடை வைத்துப் பிழைத்த கம்பளையில். சீனப் பெண்ணாக வந்த பிக் சென் லிம் பினாங்கில் பிறந்தவர். டாக்கா, கம்பளை, பினாங்கு: மூன்றும் ஒரே கொடியின் கீழ் இருந்த ஊர்கள். ஆங்கிலத்தைப் பிழையறப் பேசத் தெரிந்த இவர்கள், லண்டனில் நடிகராய் வாழ வேண்டுமென்றால் ஆங்கிலத்தைப் பிழைபடப் பேசியாக வேண்டும் என்ற நிலை இருந்தது. அவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். வேறு பாத்திரம் கொடுப்பார் இல்லாத காலத்தில் கிடைத்ததை உயிரோடு செய்து காட்டினார்கள். தினோ ஷஃபீக் சிரிக்கும்போது அதில் வஞ்சனை இல்லாத ஒரு வெளிச்சம் உண்டு. எழுத்தாளர் தராத மனிதத்தன்மையை நடிகர் தம் கையிருப்பிலிருந்து தந்திருக்கிறார். பிரவுனாக நடித்த பாரி எவன்ஸுக்கும் பின்னாளில் வாய்ப்புகள் வற்றி, வாடகைக் கார் ஓட்டி வாழ்ந்து 1997இல் மறைந்தார் என்பதை இங்கே ஒரு செய்தியாகவே சொல்லி வைக்கிறோம்.

நிற்க. நாம் முன்பு கேட்ட கேள்விக்கு வருவோம். கடல் கடந்த நாட்டிலிருந்து பார்த்த நாம், அந்த வகுப்பறையில் எந்த இருக்கையில் அமர்ந்து பார்த்தோம்? அலீயின் பக்கத்து இருக்கையிலா? இல்லை என்பதே நம் துணிபு. நாம் அமர்ந்தது பிரவுனின் நாற்காலியில். அலீ பிழை செய்கிறான் என்பது நமக்குத் தெரிகிறது; தெரிகிறது என்றால் நமக்கு அவனைவிட ஆங்கிலம் தெரியும் என்று பொருள். அந்தச் சிறு வெற்றியின் களிப்புத்தான் நம் சிரிப்பு. நம் கூடத்தில் அன்று அதிகமாகச் சிரித்தவர்கள் யார் என்று எண்ணிப் பார்க்கிறோம். ஆங்கிலம் அறவே தெரியாத பெரியவர்கள் அல்லர். நாலு வகுப்புக் கூடுதலாகப் படித்த இளைஞர்களே. அவர்கள் சிரித்துவிட்டு, விளங்காதவர்களுக்கு அந்தச் சிரிப்பின் காரணத்தை விளக்கியும் சொன்னார்கள். அலீயின் பிழை, அவர்களுக்கு ஒரு சான்றிதழாகப் பயன்பட்டது.

இது ஆங்கிலத்தோடு நின்றுவிடவும் இல்லை. நம் வீடுகளில் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கிய காலமும் அதுவே. 'ஸ்கூல்' என்று சொல்ல வராமல் 'இஸ்கூல்' என்ற வாப்பாவைப் பார்த்து வாய் பொத்திச் சிரித்த பிள்ளைகளை நாம் அறிவோம். வகார மெய்யை இதழ் குவித்துச் சொன்ன உம்மாவைப் பள்ளிக்கூட விழாவுக்கு வர வேண்டாம் என்று சொன்ன மகளையும் அறிவோம். ஆயுள் முழுதும் அயல்நாட்டில் சரக்குச் சுமந்து, உடைந்த ஆங்கிலத்திலும் உடைந்த மலாயிலும் பேசிப் பணம் அனுப்பியவர்தாம் அவ்வாப்பா. அலீ நதீம் அவர்தாம். அவரைத் திரையில் கண்டபோது நம் பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியவில்லை.

பழந்தமிழரும் இதற்கு விலக்கல்லர். செயிற்றியனார் என்னும் பழைய ஆசிரியர் நகைக்கு இடமானவற்றை வரிசைப்படுத்தியதை இளம்பூரணர் தம் உரையில் எடுத்துக் காட்டுகிறார். முடவர் நடை, குழந்தையின் மழலை, பித்தரின் பிதற்றல் ஆகியவற்றோடு வடநாட்டாராகிய ஆரியர் பேசும் தமிழும் அவ்வரிசையில் இருக்கிறது. நம் மொழி நாட்டின் வலிய மொழியாய் இருந்த காலத்தில், அயலான் நாவில் அது புரண்டபோது நாமும் சிரித்திருக்கிறோம். முடவனின் நடையைக் கண்டு இன்று சிரிப்பார் இல்லை. அயலான் பேச்சு மட்டும் இன்னும் பட்டியலில் நீடிக்கிறது.

தூர்தர்ஷனில் 1993இல் வந்த 'ஜபான் சம்பால்கே' என்னும் இந்தித் தொடர் இதற்கு நல்ல சான்று. 'மைண்ட் யுவர் லேங்குவேஜ்' தொடரின் மறுவார்ப்பு அது; ஆங்கில வகுப்புக்குப் பதில் இந்தி வகுப்பு. பங்கஜ் கபூர் ஆசிரியர். இந்தி தடுமாறும் ஆங்கிலேயராக டாம் ஆல்டர் வருகிறார். ஆங்கிலேயனை மாணவர் பெஞ்சில் உட்கார வைத்தார்கள் என்றவுடன் நமக்கு ஒரு மகிழ்ச்சி எழுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதே பெஞ்சில் ஓர் ஆப்பிரிக்கரும் உட்கார்ந்திருக்கிறார். நாற்காலி கைமாறியதே தவிர, வகுப்பறை அப்படியே இருந்தது. பிரிட்டனிலேயே பிறந்து வளர்ந்த அலீமாரின் பிள்ளைகள் செய்தது இதனினும் கூர்மையானது. 1998 முதல் 2001 வரை பி.பி.சி.யில் வந்த 'குட்னஸ் கிரேஷஸ் மீ' நிகழ்ச்சியில், பம்பாயிலுள்ள ஓர் ஆங்கிலேய உணவகத்துக்குள் குடித்துவிட்டு நுழையும் இந்தியர் கூட்டம், பரிமாறுபவன் பெயரைக் கொலை செய்து, காரமே இல்லாத பண்டம் எது என்று சவால் விட்டுக் கேட்கிறது. வெள்ளிக்கிழமை இரவுகளில் இந்திய உணவகங்களில் ஆங்கிலேயர் செய்த அட்டகாசத்தை அப்படியே திருப்பிக் காட்டினார்கள். அங்கே எள்ளப்பட்டது மொழி தெரியாமை அன்று, மரியாதை தெரியாமை. நகைச்சுவை என்ற அளவிலும் அதுவே உயர்ந்தது என்பது நம் தீர்ப்பு.

ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இத்தொடர் மேல் நமக்குள்ள பெரிய குறை வேறு. வகுப்பறையைக் களமாகக் கொண்ட கதையில் எவரும் எதையும் கற்பதில்லை. பிரவுன் நல்ல ஆசிரியர். மாணவரை அவமதிப்பதில்லை, பொறுமையிழப்பதும் அரிது. ஆயினும் 29ஆம் வாரத்திலும் அலீ முதல் வாரத்து அலீயாகவே இருக்கிறார். கற்றுவிட்டால் சிரிப்புக்குச் சரக்கு ஏது? மெய்யான வகுப்பறையில் பிழை என்பது ஒரு படி. அதன்மேல் காலூன்றித்தான் மாணவன் ஏறுகிறான். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு தாய்மொழிக் காரணம் உண்டு. அரபியர்க்குப் பகரம் இல்லை. எனவே ஆங்கிலத்திலும் அவர்கள் அதனை 'ப' என்னும் வல்லோசையாக அன்றி 'பா' என்னும் அரபு எழுத்தின் மெல்லோசையாகவே சொல்வர். தமிழ் ஒலிகளை எழுத வேண்டி நம் முன்னோர் அரபு எழுத்துகளுக்குப் புதுப்புள்ளிகள் இட்டு அரபுத்தமிழை அமைத்துக்கொண்டது இந்தக் காரணத்தால்தான். ஜப்பானியர் சொல்லிறுதி மெய்யோடு ஓர் உயிரைச் சேர்ப்பர். நாமும் 'பஸ்' என்பதைப் 'பஸ்ஸு' என்கிறோம். இதனைத் தொடரின் ஜப்பானியப் பாத்திரத்தில் எழுத்தாளர் கவனித்துப் பதிந்திருக்கிறார். ஆனால் காரணத்தைத் தேடாமல் வேடிக்கையோடு நிறுத்திக்கொண்டார். பஸராவின் பேரறிஞர் ஜாஹிஸ், 'அல்பயான் வத்தப்யீன்' என்னும் தம் நூலில், எந்த இனத்தார்க்கு எந்த அரபு எழுத்து நாவில் வராது என்று பொறுமையாக ஆராய்ந்து எழுதியுள்ளார். சிரிக்கவும் அவர் தயங்கியவர் அல்லர். ஆயினும் சிரிப்பதற்கு முன் காது கொடுத்துக் கேட்டார்.

அரபு இலக்கணத்தின் தலைவராகப் போற்றப்படும் ஸீபவைஹியின் வரலாறு மதரஸாவில் ஓதியோர் எல்லாரும் அறிந்ததே. அவர் பாரசீகர். பஸராவுக்கு வந்து ஹம்மாத் இப்னு ஸலமாவிடம் ஹதீஸ் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒரு சொல்லின் இறுதியைப் பிழையாக ஓதிவிட்டார் என்றும், ஆசிரியர் அதனைச் சபையில் திருத்தினார் என்றும், இனி எவரும் தம்மைத் திருத்த முடியாத அளவுக்கு இலக்கணம் கற்பதெனத் துணிந்து கலீலிடம் போய்ச் சேர்ந்தார் என்றும் வரலாற்றாசிரியர் எழுதுவர். அம்மாணவர் யாத்த 'அல்கிதாப்'தான் அரபியர்க்கே அரபு இலக்கணத்தைக் கற்பித்தது. பஸராவில் அன்று ஒரு படக்கருவி இருந்து, அந்தப் பிழையோடு காட்சியை வெட்டி, பின்னால் ஒரு சிரிப்பொலியையும் சேர்த்திருந்தால் எப்படியிருக்கும்! அயலார் மொழி கற்கும் கதையை அமெரிக்கரான லியோ ரோஸ்டன் 1937இல் வெளியிட்ட 'தி எஜுகேஷன் ஆஃப் ஹைமன் கப்லான்' நூலில் வேறு விதமாகச் சொன்னார். அதுவும் இரவுப் பள்ளிதான். கப்லானும் வாய் திறந்தால் பிழைதான். ஆனால் கப்லான் தம் பிழைக்காக ஆசிரியரோடு வாதாடுவார். சில வேளைகளில் அந்த வாதத்துக்கு முன் ஆசிரியரே திகைத்து நிற்பார். அலீ நதீமுக்கு அந்த உரிமையை வின்ஸ் பவல் தரவில்லை.

அதே பிரிட்டனில் அலீயை மாணவராக மதித்த தொலைக்காட்சியும் இருந்தது. 1965 அக்டோபரில் பி.பி.சி., 'அப்னா ஹீ கர் சமஜியே' என்னும் நிகழ்ச்சியை, புதிதாய்க் குடியேறிய இந்தியர்க்கும் பாகிஸ்தானியர்க்குமாக அவர்கள் பேசிய மொழியிலேயே தொடங்கிற்று. ஆங்கிலம் பேசுவது, அந்நாட்டில் புழங்குவது முதலியவற்றைச் சொல்லிக் கொடுத்த எளிய நிகழ்ச்சி அது. அதனை எந்த நாடும் விலை கொடுத்து வாங்கவில்லை. நம் ஊருக்கு எந்தக் காக்காவும் கேசட்டில் கொண்டுவரவுமில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, தொடரில் கற்றுக்கொண்ட ஒருவர் இருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் ஜமீலா. முதல் நாள் வகுப்புக்கு வந்தபோது ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் அறியாதவர். மற்றவர்கள் போல் வாயாடுவதில்லை. ஒரு மூலையில் அமர்ந்து கம்பளி பின்னுகிறார். பகுதிகள் செல்லச் செல்ல ஒரு சொல், இரு சொல், பிறகு ஒரு வாக்கியம் என்று அவர் நாவில் ஆங்கிலம் ஏறுகிறது. எழுத்தாளர் இதனைத் திட்டமிட்டுச் செய்தாரா என்பது ஐயம். நடிகை ஜமீலா மாஸி தலை நிமிராமல் அதைச் செய்துவிடுகிறார். கேசட்டு ஓடிய நாட்களில் கதவுக்குப் பின்னாலிருந்த பெண்கள் அலீக்கும் ரஞ்சித் சிங்குக்கும் எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பார்கள். ஜமீலா ஒரு வாக்கியத்தைத் தொடங்கும்போது மட்டும், "சும்மா இருங்கோ, அவ சொல்லி முடிக்கட்டும்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்.